கோயில் காட்டுத் திருவிழா

கோயில் காட்டுத் திருவிழா என்பது, ஓர் ஊர் மக்கள் தமக்குப் பொதுவான கோயில் காட்டில் ஆண்டுக்கு ஒருமுறையோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ ஒன்றுகூடி எடுக்கும் விழா ஆகும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களிலும் இவ்விழாக்கள் பரவலாக நடைபெறுகின்றன. பெரும்பாலும் அய்யனார், கருப்பசாமி, சாத்தா, முனியாண்டி, காளி முதலிய நாட்டார் தெய்வங்களின் பெயரால் இவை எடுக்கப்படுகின்றன. வழிபாடே இவ்விழாவின் நோக்கம் எனினும், ஒரு காடு ஊருக்குப் பொதுவானது என்பதை ஊரார் தமக்குள் உறுதிசெய்துகொள்ளும் நாளாகவும் இது அமைகின்றது. பல தலைமுறைகளாக வேலியோ காவலரோ இல்லாமல் இக்காடுகள் நிலைத்ததற்கு இந்த ஒருநாள் கூடுகையும் ஒரு காரணமாகும். அதே விழா, அளவும் முறையும் மாறும்போது காட்டின் அழிவுக்கும் வழிசெய்வது உண்டு.

பெயர்

தமிழ்நாட்டில் இத்தகைய காடுகள் கோயில் காடு, சாமி காடு என்றும், தெய்வத்தின் பெயரோடு சேர்த்து அய்யனார் காடு என்றும் அழைக்கப்படுகின்றன. கோயிலுக்குப் பூ எடுப்பதற்காக நட்டு வளர்க்கப்படும் நந்தவனம் இதனின்று வேறானது. நந்தவனம் மனிதர் வைத்த தோட்டம். கோயில் காடு தானாக முளைத்து வளர்ந்த காட்டின் எச்சம்.

கேரளத்தில் இவை காவு எனப்படுகின்றன. காவு என்பது சோலையைக் குறிக்கும் கா என்னும் பழந்தமிழ்ச் சொல்லோடு தொடர்புடையது. கர்நாடகத்தின் குடகுப் பகுதியில் தேவரகாடு என்றும், மகாராட்டிரத்தில் தேவ்ராய் என்றும், இராசத்தானில் ஓரண் என்றும், சார்க்கண்டில் சர்ணா என்றும் வழங்கப்படுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

மரத்தையும் சோலையையும் தெய்வம் உறையும் இடமாகக் கருதும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களுள் காட்டையும் சோலையையும் குறிப்பிடுகின்றது. சங்க கால மன்னர்கள் தம் குடிக்குரிய மரத்தைக் கடிமரம் எனக் காவல் காத்தனர். பகைவரின் கடிமரத்தை வெட்டுவது போர் வெற்றியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இன்றைய பெருநகரங்கள் சிலவற்றின் பழம்பெயர்களும் காட்டின் பெயர்களே. மதுரை கடம்பவனம் என்றும், சிதம்பரம் தில்லைவனம் என்றும், திருநெல்வேலி வேணுவனம் என்றும் தல புராணங்களில் சுட்டப்படுகின்றன. அக்காடுகள் மறைந்த பின்னும், அவற்றின் நினைவாக ஒரே ஒரு மரம் தல விருட்சமாகக் கோயிலுக்குள் காக்கப்படுகின்றது. சிவகாசியின் தல வரலாறும் இவ்வகையினதே. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து கொணர்ந்த இலிங்கத்தைச் சுமந்து வந்த பசு, வில்வ மரங்கள் நிறைந்த சோலையைத் தாண்டி நகர மறுத்ததாகவும், அங்கேயே கோயில் எழுப்பப்பட்டதாகவும் அது கூறுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், இந்நாட்டின் பல பகுதிகளில் கோயில் காடுகள் இருப்பதைத் தம் எழுத்துகளில் பதிவுசெய்தார். 1970களில் மாதவ் காட்கில், வா. த. வர்த்தக் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் மேற்கொண்ட ஆய்வுகள், இக்காடுகளை உயிரியல் நோக்கில் காணும் ஆர்வத்தைத் தூண்டின. தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள சி. பி. இராமசாமி அய்யர் சுற்றுச்சூழல் கல்வி மையம் கோயில் காடுகளை மாவட்ட வாரியாகத் தொகுத்து ஆவணப்படுத்தியுள்ளது.

காட்டின் இயல்பு

தமிழ்நாட்டுச் சமவெளிக் கோயில் காடுகள் பெரும்பாலும் சிறியவை. சில காடுகள் ஓரிரு ஏக்கர் பரப்பே உடையவை. கடற்கரையை ஒட்டிய மாவட்டங்களில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டு வகையின் எச்சங்களும், உள் மாவட்டங்களில் உலர் இலையுதிர் காடு, முட்புதர்க் காடு ஆகியவற்றின் எச்சங்களும் இவற்றில் காணப்படுகின்றன.

இக்காடுகளில் பொதுவாகக் காணப்படும் தாவரங்கள் சில பின்வருமாறு:

- மரங்கள்: உசில், வீரை, உலக்கைப்பாலை, இலுப்பை, மருது, நாவல், புங்கு, வேம்பு, வன்னி, ஆல், அரசு, அத்தி
- சிறுமரங்களும் புதர்களும்: குருந்து, விடத்தலை, மஞ்சணத்தி, சங்கஞ்செடி, ஆவாரை
- கொடிகள்: சீந்தில், பிரண்டை, குன்றிமணி

ஆல், அரசு, அத்தி ஆகிய மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பழங்கள் வேறு உணவு கிடைக்காத காலத்திலும் பறவைகளுக்கும் அணில்களுக்கும் வௌவால்களுக்கும் உணவாகின்றன. இலுப்பைப் பழத்தை உண்ணும் பழந்தின்னி வௌவால்கள் அதன் விதையை வேறிடத்திற்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆகவே சுற்றிலும் வயலும் தரிசும் கட்டடமும் சூழ்ந்த ஒரு சிறு காடு, அப்பகுதி முழுமைக்கும் விதைக்களஞ்சியமாகச் செயல்படுகின்றது.

காடும் கண்மாயும்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிகள் பெரிதும் கரிசல் மண் கொண்டவை, மழை குறைந்தவை. அதிலும் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கின்றது. ஆகவே அம்மழையைத் தேக்கிவைக்கும் கண்மாயே ஊரின் வாழ்வாதாரமாக இருந்தது. அய்யனார் கோயில்கள் பல கண்மாய்க் கரையிலோ, நீர் வரும் ஓடையின் ஓரத்திலோ அமைந்திருப்பது இதனாலேயே எனலாம். இராசபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள கோயிலின் தெய்வம் நீர்காத்த அய்யனார் எனப் பெயர் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

கோயிலைச் சுற்றியுள்ள மரங்களின் வேர்கள் கரை மண்ணைப் பிடித்து வைக்கின்றன. உதிர்ந்த இலைகள் மட்கிய தரை மழைநீரை உறிஞ்சிக்கொள்வதால், நீர் விரைந்து ஓடி மண்ணை அரிப்பது குறைகின்றது. இவ்வாறு கண்மாயைக் காப்பவர் அய்யனார் என்ற நம்பிக்கையும், கரையைக் காப்பது மரம் என்ற நடைமுறையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

விழா நாள்

காலம்

விழாக்கள் பெரும்பாலும் அறுவடைக்குப் பிந்தைய மாசி, பங்குனி, சித்திரை மாதங்களிலோ, ஆடி மாதத்திலோ நடைபெறுகின்றன. மாசி மாதத்து மகா சிவராத்திரியன்று குலதெய்வக் கோயிலுக்குச் செல்வது தென் மாவட்டங்களில் பரவலான வழக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் பங்குனி உத்திரத்தன்று குடும்பத்தோடு சாத்தா கோயிலுக்குச் செல்லும் வழக்கம் உண்டு. சென்னை, பெங்களூரு, மும்பை என வெளியூர்களில் பணிபுரிவோரும் இந்நாளில் ஊர் திரும்புகின்றனர்.

ஊர்க்கூட்டமும் வரியும்

விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் ஊர்க்கூட்டம் கூட்டி நாள் குறிக்கப்படுகின்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு என வரி விதிக்கப்படுகின்றது. கோயில் பாதையைச் சீராக்குவது, கிணற்றைத் தூர் வாருவது, மண்சுவரைச் செப்பனிடுவது முதலிய வேலைகள் அப்போது பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. பின்னர் காப்புக் கட்டப்படுகின்றது. காப்புக் கட்டிய பின் விழா முடியும்வரை ஊரார் வெளியூர் சென்று தங்குவதில்லை என்பது பல ஊர்களின் வழக்கம்.

புரவியெடுப்பு

முதன்மைக் கட்டுரை: புரவியெடுப்பு

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களில் அய்யனாருக்குச் சுடுமண் குதிரைகளைச் செய்து கொண்டுபோய் வைக்கும் சடங்கு புரவியெடுப்பு எனப்படுகின்றது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் அளிப்பதோடு இச்சடங்கு தொடங்குகின்றது. இது பிடிமண் கொடுத்தல் எனப்படும். வேளார் எனப்படும் குயவர்களே பல அய்யனார் கோயில்களில் பூசாரிகளாகவும் உள்ளனர். குதிரைகளுக்குரிய மண் கண்மாயிலிருந்து எடுக்கப்படுகின்றது. சுட்டு வண்ணம் தீட்டிய குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கிச் சென்று கோயில் காட்டில் வரிசையாக நிறுத்துகின்றனர். பழைய குதிரைகள் அப்புறப்படுத்தப்படுவதில்லை. அவை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மீண்டும் மண்ணாகின்றன.

காட்டில் ஒரு நாள்

விழா நாளன்று குடும்பங்கள் காட்டின் நிழலில் இடம் பிடித்துப் பொங்கல் வைக்கின்றன. முளைப்பாரி எடுத்தல், முடி இறக்குதல், காது குத்துதல், கிடா வெட்டுதல், சாமியாடுதல் முதலியவை நடைபெறும். கிடாக்கறி அங்கேயே சமைக்கப்பட்டுப் பந்தியில் பரிமாறப்படுகின்றது. சில கோயில்களில் சமைத்த உணவை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் காட்டுக்குள்ளேயே உண்டு முடிக்க வேண்டும் என்ற விதி உள்ளது.

விழா எவ்வாறு காட்டைக் காக்கின்றது

கோயில் காடுகளின் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. எனினும் பரவலாகக் காணப்படும் விதிகள் சில உள்ளன:

- பச்சை மரத்தை வெட்டக்கூடாது. அரிவாள், கோடரி கொண்டு காட்டுக்குள் செல்லக்கூடாது.
- காய்ந்து விழுந்த விறகைக் கோயில் பொங்கலுக்குப் பயன்படுத்தலாம். வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது.
- காட்டுக்குள் செருப்பு அணியக்கூடாது.
- காட்டில் உள்ள பாம்பு முதலிய உயிரினங்களைக் கொல்லக்கூடாது.

இவ்விதிகளை மீறினால் சாமி தண்டிக்கும் என்ற அச்சமே காடு நிலைத்ததற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. ஆனால் அச்சம் மட்டும் போதுமானதன்று. யாரும் பார்க்காத விதி நாளடைவில் மறக்கப்படும். விழா அவ்விதிகளை ஆண்டுதோறும் பலர் முன்னிலையில் புதுப்பிக்கின்றது. அது பின்வரும் வழிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, எல்லை. ஊரார் அனைவரும் காட்டைச் சுற்றி வருவதால், ஒருவர் தம் வயல் வரப்பை ஓரடி நகர்த்தி வைத்திருந்தாலும் அது பலர் கண்ணில் படுகின்றது. இரண்டாவது, கணக்கு. வரவு செலவு ஊர்க்கூட்டத்தில் சொல்லப்படும்போது, பட்டுப்போன மரத்தை விற்ற தொகையும் விதி மீறியவரிடம் பெற்ற அபராதமும் வெளிப்படையாகின்றன. மூன்றாவது, கற்றல். இவ்விறகை வீட்டுக்கு எடுக்கக்கூடாது என்பதைப் பிள்ளைகள் கண்டு கற்கின்றனர். நான்காவது, பங்கு. வரி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை உண்டாகின்றது. ஆகவே விழா நின்றுபோன இடங்களில் காட்டின் எல்லையை அறிந்தோர் குறைந்து, ஆக்கிரமிப்பு எளிதாகின்றது.

பொது என்பதன் வரையறை

கோயில் காடு ஊருக்குப் பொது என்று கூறப்பட்டாலும், அப்பொதுமை எல்லோரையும் சமமாக உள்ளடக்கியதில்லை. சில காடுகளுக்குள் பெண்கள் செல்வதில்லை. சில கோயில்கள் குறிப்பிட்ட சாதியினருக்கோ வகையறாவினருக்கோ மட்டும் உரியவை. முதல் மரியாதை யாருக்கு, வரி யாரிடம் வாங்கலாம், தலித் மக்கள் எதுவரை வரலாம் என்ற வினாக்கள் பல ஊர்களில் பூசல்களுக்கும் வழக்குகளுக்கும் காரணமாகியுள்ளன. பூசலால் விழா நிறுத்தப்படும்போது அக்காட்டின் பராமரிப்பும் நின்றுபோகலாம். எனவே காட்டைக் காப்பது என்பது மரங்களைப் பற்றிய வினா மட்டுமன்று. அதில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பதைப் பற்றிய வினாவும் ஆகும்.

விழாவால் விளையும் கேடுகள்

ஓர் ஊரின் சில நூறு பேர் கூடுவதற்கு ஏற்ப அமைந்த விதிகள், பல்லாயிரம் பேர் கூடும்போது போதாமல் போகின்றன. திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அமைந்துள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசை விழா இதற்கு எடுத்துக்காட்டாகும். இவ்விழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்து பெருந்திரளான மக்கள் வந்து தாமிரபரணிக் கரையில் குடில் அமைத்துத் தங்குகின்றனர். நெகிழிக் கழிவு, ஆற்றில் விடப்படும் துணிகள், விறகுத் தேவை, மனிதக் கழிவு ஆகியவை காட்டையும் ஆற்றையும் பாதிக்கின்றன. வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் கழிவைக் குறைக்கும் முயற்சிகளை மேற்கொண்டு வருகின்றன.

சிறு காடுகளில் கேடு வேறு வடிவில் வருகின்றது. வெட்டவெளியில் மரத்தடியில் இருந்த தெய்வத்துக்குக் கற்காரைக் கோயில் கட்டுவதற்காக மரங்கள் வெட்டப்படுகின்றன. பின்னர் முன்மண்டபம், சமையற்கூடம், வண்டி நிறுத்துமிடம், சுற்றுச்சுவர் எனக் கட்டடம் விரிகின்றது. மட்கிய இலை மூடிய தரையில் சிமெண்டுக் கல் பதிக்கப்படுகின்றது. இதனால் விழுந்த விதைகள் முளைப்பதற்கு இடமில்லாமல் போகின்றது. நின்றிருக்கும் முதிய மரங்கள் மட்டும் எஞ்சி, அவற்றுக்குப் பின் இளமரங்கள் இல்லாத நிலை உருவாகின்றது. விழா மேலும் சிறப்பாக நடைபெறுவதாகத் தோன்றினாலும், காடு என்ற அளவில் அது ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம்.

காடு திறந்துவிடப்பட்ட இடங்களில் சீமைக்கருவேல மரம் புகுந்துவிடுகின்றது. மழை குறைந்த தென் மாவட்டங்களில் இது முதன்மையான சிக்கலாக உள்ளது. வறண்ட பங்குனி, சித்திரை மாதங்களில் அணைக்காமல் விடப்படும் பொங்கல் அடுப்புகளும், மரங்களுக்கு அருகே வெடிக்கப்படும் வாணவெடிகளும் தீப்பற்றுவதற்குக் காரணமாகலாம்.

பட்டாசும் காடும்

நாரணாபுரம் முதலிய சிவகாசி சுற்றுவட்டார ஊர்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் பெருகியுள்ளன. மழையும் ஈரப்பதமும் குறைந்த தட்பவெப்பமே வெடிமருந்தை உலர்த்த உதவுவதால் இத்தொழில் இங்கு வளர்ந்தது. அதே வறட்சியே இங்கு மரங்களுக்கு எதிராகவும் உள்ளது. மேலும் பட்டாசு ஆலைகளில் கட்டடங்களுக்கு இடையே பாதுகாப்பு இடைவெளி விடப்பட வேண்டும். சுற்றிலும் காய்ந்த புல்லும் சருகும் சேரவிடக்கூடாது. ஆகவே ஆலை நிலத்தில் அடர்ந்த காட்டுக்கு இடமில்லை. இப்பகுதி ஊர்களில் பொது நிழலாக எஞ்சியிருப்பவை கண்மாய்க் கரையும் கோயிலைச் சுற்றிய மரங்களுமே.

இங்கு செய்யப்படும் வெடிகள் தமிழகமெங்கும் கோயில் விழாக்களில் வெடிக்கப்படுகின்றன. ஆனால் மரத்தில் தங்கும் உயிர்களுக்காக வெடியைத் தவிர்க்கும் ஊர்களும் உள்ளன. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உள்ளது. அதனைச் சார்ந்த கொள்ளுகுடிப்பட்டி முதலிய ஊர்களின் மக்கள், கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சி விலகிவிடக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் திருவிழாக்களுக்கும் வெடி வெடிப்பதில்லை. இவ்வழக்கம் பல பத்தாண்டுகளாகத் தொடர்கின்றது. இதனைப் பாராட்டி வனத்துறையினர் தீபாவளியன்று ஊராருக்கு இனிப்பு வழங்குவது வழக்கம். எழுதப்பட்ட சட்டம் இன்றியே, ஊர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டப் பாதுகாப்பு

கோயில் காடுகளின் நில உரிமை ஒரே வகைப்பட்டதன்று. சில வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்காகவும், சில கோயில் நிலமாகவும், சில தனியார் பட்டாவாகவும், சில காப்புக்காட்டின் பகுதியாகவும் உள்ளன. புறம்போக்கு எனப் பதிவான நிலத்தில் காடு இருப்பது ஆவணத்தில் தெரியாமல் போகலாம். அவ்வாறான நிலம் சாலைக்கோ கட்டடத்துக்கோ ஒதுக்கப்படும் ஆபத்து உள்ளது.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (1972) 2002இல் திருத்தப்பட்டபோது சமுதாயக் காப்பகம் என்ற புதிய வகை சேர்க்கப்பட்டது. தனியாரோ சமுதாயமோ தாமாக முன்வந்து தம் நிலத்தைப் பாதுகாப்புக்கு உட்படுத்த இது வழிசெய்கின்றது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் (2002) 37ஆம் பிரிவு, பல்லுயிர் மரபுத் தலங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகின்றது.

இச்சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகேயுள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 எக்டேர் நிலம் இதில் அடங்கும். குன்றுகள், சுனைகள், நீர்நிலைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் ஆகியவை இங்கு உள்ளன. 2024 நவம்பரில் இத்தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதிக்கான ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது. மேலூர் வட்டார மக்கள் பெருந்திரளாகப் போராடினர். 2024 திசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. மரபுத் தலம் என்ற அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை என்பதும், ஊர்கள் ஒன்றுகூடியதே அதனைத் திரும்பப் பெறச் செய்தது என்பதும் இந்நிகழ்விலிருந்து அறியத்தக்கவை.

இரண்டாவது பல்லுயிர் மரபுத் தலமாகத் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 4.97 எக்டேர் ஆகும். இக்காடு, கோயில் காடு என்ற நிலையிலேயே இம்மதிப்பைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

2024 திசம்பர் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், இராசத்தானின் ஓரண்களை அளவிட்டு வரைபடத்தில் குறித்து வனமாக வகைப்படுத்த அம்மாநில அரசுக்கு ஆணையிட்டது. நாடு முழுவதுமுள்ள கோயில் காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைத்தது.

பிற இடங்களில்

சார்க்கண்ட் மாநிலத்தில் முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள் கொண்டாடும் சர்குல் விழா, சால மரம் பூக்கும் வேனில் தொடக்கத்தில் வருகின்றது. பாகன் எனப்படும் பூசாரி ஊரின் சர்ணாக் காட்டில் சாலப் பூக்களைப் படைக்கின்றார். இராஞ்சி நகரம் வளர்ந்து ஊர்களை விழுங்கிய பின்னும் நகருக்குள் சர்ணாத் தலங்கள் எஞ்சியுள்ளன. விழா நாளில் பெரும் ஊர்வலங்கள் அவற்றை நோக்கிச் செல்கின்றன. 2025இல் நகரின் சிரம்டோலி சர்ணாவுக்கு அருகே மேம்பாலத்தின் சரிவுப்பாதை அமைக்கப்பட்டபோது, அது விழாவுக்கு வருவோரின் வழியை மறிக்கும் எனக் கூறிப் பழங்குடி அமைப்புகள் போராடின.

இராசத்தானின் கேசர்லியில் 1730இல் வன்னி மரங்களை வெட்ட வந்த அரண்மனை ஆட்களைத் தடுத்து 363 விசுனோய் மக்கள் உயிரிழந்தனர் என்பது மரபு. அந்நினைவாக செப்டம்பர் 11ஆம் நாள் இந்தியாவில் தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

சப்பானில் சின்டோ கோயில்களைச் சுற்றிய காடுகள் சின்ஜு நோ மோரி எனப்படுகின்றன. 1906இல் அந்நாட்டு அரசு சிறு கோயில்களைப் பெரிய கோயில்களோடு இணைக்க ஆணையிட்டது. கோயில் இல்லாத காடுகள் பல வெட்டி விற்கப்பட்டன. இதனை எதிர்த்து உயிரியலாளர் மினகட்டா குமகுசு (1867–1941) எழுதியும் பேசியும் போராடினார். ஊராரின் வழிபாடும் கூடுகையும் போனால் காடும் போகும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும். எத்தியோப்பியாவின் வடபகுதியிலும் பழங்காடுகளின் எச்சங்கள் பெரும்பாலும் கிறித்தவத் தேவாலயங்களைச் சுற்றியே உள்ளன. கால்நடைகள் புகாதவாறு ஊரார் அவற்றில் சிலவற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பியுள்ளனர்.

நகரங்களும் மரநடு விழாக்களும்

நகரங்களில் பொதுக் காட்டுக்கான விழா என்றால் மரநடு விழாவே பெரும்பாலும் நினைவுக்கு வரும். 1950இல் ஒன்றிய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே. எம். முன்சி வன மகோற்சவத்தைத் தொடங்கினார். இது ஆண்டுதோறும் சூலை முதல் வாரத்தில் நடைபெறுகின்றது. வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலம் அது. விருதுநகர் போன்ற மாவட்டங்களுக்கோ மழை அக்டோபரில்தான் வருகின்றது. சூலையில் நட்ட கன்று மூன்று மாதம் தண்ணீர் ஊற்றப்பட்டால் மட்டுமே பிழைக்கும். நாள்காட்டியை ஊரின் மழைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது பயனளிக்கும்.

சப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியவாக்கி (1928–2021) வகுத்த அடர்காடு முறை தற்போது தமிழக நகரங்களில் பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. சென்னை மாநகராட்சி 2020இல் கோட்டூர்புரத்தில் இம்முறையில் ஒரு காட்டை உருவாக்கியது. ஓரிடத்துக்கு உரிய மரங்கள் எவை என்பதைக் கண்டறிய மியவாக்கி கோயில் காடுகளையே ஆராய்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் முட்புதரும் புல்வெளியும் இயல்பாக அமைந்த வறண்ட நிலத்தில் அடர்காடு வளர்ப்பது பொருத்தமற்றது என்னும் திறனாய்வும் உள்ளது. அவ்விடங்களில் அருகிலுள்ள கோயில் காட்டைப் பார்த்து மரங்களைத் தேர்வது தகும்.

மரநடு விழாவுக்கும் கோயில் காட்டுத் திருவிழாவுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, பின்னது ஆண்டுதோறும் அதே இடத்துக்கு, அதே மக்கள் திரும்பி வரும் நாள் என்பதாகும். நட்டவர் மறுமுறை வராத இடத்தில் கன்று நிற்பதில்லை. நகரின் பொதுக் காடு ஒன்றை அப்பகுதி மக்கள் ஆண்டுக்கு ஒருநாள் கூடிச் சுற்றிவந்து, எல்லையைப் பார்த்து, பட்ட மரத்தையும் முளைத்த கன்றையும் எண்ணி, செலவுக் கணக்கைப் பொதுவில் சொல்வார்களாயின், கோயில் காட்டு விழாவின் பயன் வழிபாடு சாராமலும் கிடைக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- கோயில் காடு
- தல விருட்சம்
- புரவியெடுப்பு
- அய்யனார்
- அரிட்டாபட்டி
- வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்
- வன மகோற்சவம்